சணல் குச்சி விளக்கு

"உன் பேர் எதுக்கும்மா அதுல? எங்கே இடமிருக்கு, நீயே பாரு!"

ஆராய்ச்சி நிலைய இயக்குநர் ஸ்ரீனிவாசராகவன் காப்புரிமை விண்ணப்பத்தை வசந்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார். 'கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தை அவருடைய பெயரும் பட்டங்களுமே முழுசாக அடைத்துக்கொண்டிருந்தன.

"மூணு வருஷம் நான் ஒருத்தியா பண்ணினது சார்."

"யாரு இல்லேன்னா? கடைசிப் பக்கத்துல நன்றின்னு போட்டிருக்கேனே!"

"அதுலயும் உங்க டிரைவருக்கு அப்புறம்தான் சார் என் பேரு."

"அவன் சர்வீஸ்ல சீனியர்மா."

கல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் அடுப்பெரிக்க விற்கும் சணல் குச்சியைக் கட்டுக் கட்டாக வாங்கி, டிராமில் ஏற்றி, கண்டக்டரிடம் பெங்காலியில் வசவு வாங்கியவள் வசந்தி. அந்தக் குச்சியைக் கரியாக்கி, கரியைத் தகடாக்கி, விளக்கெரிக்கும் பாட்டரியாகச் செய்தவளும் அவள்தான். ஆய்வுக்கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. ஸ்ரீனிவாசராகவனுக்கு முழங்கால் வலி. ஒரு நாள்கூடப் படியேறியதில்லை. ஆனால் கட்டுரைகளில் மட்டும் முதல் பெயராக எப்படித்தான் ஏறினாரோ, மகானுபாவர்!

"இன்னிக்கு நமக்குப் பணம் குடுக்கற டெல்லி இலாகாலேர்ந்து சந்தானம் வரார். விண்ணப்பத்தைக் கையோட எடுத்துண்டு போயிடுவார். நீ பாட்டரியைக் கொண்டுவந்து என் மேஜைல வெச்சுட்டு ஓரமா நில்லு, போதும்."

அது டெல்லிக்குப் போனால் போனதுதான். அப்புறம் யாரிடம் போய் அழுவது? வசந்திக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "சரி சார்" என்றாள்.

நாலு மணிக்குச் சந்தானம் வந்தார். கல்கத்தாவில் நேரம் தவறாத ஒரே சமாசாரமான லோட் ஷெட்டிங்கும் கூடவே வந்தது. மின்விசிறி நின்றது. திரை போட்ட அறை கும்மிருட்டானது.

"இதுக்குத்தான் காத்துண்டிருந்தேன்!" என்று உற்சாகமாக எழுந்தார் ஸ்ரீனிவாசராகவன். "சார், இது என் வாழ்நாள் உழைப்பு! ராத்தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது. கல்கத்தாவோட இருட்டையே விரட்டறேன், பாருங்கோ!"

மேஜைமேல் வசந்தி வைத்திருந்த பாட்டரியின் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். ரேடியோவைத் தட்டுவதுபோல் பாட்டரியின் தலையில் நாலு தட்டு தட்டினார். ம்ஹூம்.

சந்தானம் டார்ச்சை அடித்தார். "மூணு வருஷமா அரசாங்கம் கொட்டிக் குடுத்திருக்கு. ராத்திரி ரிப்போர்ட் எழுதணும். இந்தக் கூத்துக்கு யார் பொறுப்பு?"

ஸ்ரீனிவாசராகவனுக்கு வியர்த்துக் கொட்டியது. அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. இரண்டு வருஷ நீட்டிப்பு சந்தானத்தின் கையில் இருந்தது.

"ஐயையோ, எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை சார்! அந்த மாடிப்படியை நான் மிதிச்சதுகூட இல்லை. ஆதியோடந்தமா எல்லாம் இந்தப் பொண்ணு பண்ணினது!"

"விண்ணப்பத்துல உங்க பேர்னா இருக்கு?"

"டைப்பிஸ்ட் பண்ணின தப்பு சார். இப்பவே திருத்திடறேன்."

டார்ச் வெளிச்சத்தில் மூன்று பிரதிகளிலும் தன் பெயரைப் பட்டங்களோடு பரபரவென்று கோடு போட்டு அடித்தார். மேலே 'வசந்தி' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். 'எனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார். அதுவும் போதாதென்று இழுப்பறையைத் துழாவி ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார். பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

சந்தானம் மூன்றையும் தன் கைப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். "நீ என்னம்மா சொல்றே? ஏன் எரியலை?"

வசந்தி மேஜைக்கு வந்தாள். பாட்டரியைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தைச் சர்ரென்று உரித்தாள். வரிசையாகச் சின்னத் துளைகள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"இது காத்துல ஓடுற பாட்டரி சார், துளையை மூடி வெச்சா எரியாது" என்றாள். "கண்டுபிடிச்சவரே உரிச்சிடுவார்னு நெனைச்சேன்."