கத்தி முனையில் ஒரு பெயர்

மத்தியான வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, சலூன்காரர் கையிலிருக்கும் புத்தகத்தின்மேல் விழுகிறது. அட்டையில் அவர் பெயர். சவரம் செய்துகொண்டே அவர் சொல்லும் கதைகளையெல்லாம் மருமகள் கேட்டுக் கேட்டு எழுதி, அச்சிலும் கொண்டுவந்துவிட்டாள். நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு கன்னம்தான் வழித்தாகியிருக்கிறது. மறு கன்னத்தில்தான் கதை முடியும் என்பதால், நுரை காயக் காய ஆள் அசையாமல் இருக்கிறார். பக்கத்தில் நிற்கும் மருமகளை முறைத்தபடி சலூன்காரர் கத்தி முனையைத் தன் பெயரின்மேல் வைக்கிறார். "எனக்குக் கையெழுத்தே கோணல். நான் எழுதினேன்னு போட்டு ஊரை ஏமாத்தறியா? சுரண்டிடறேன், உன் பேரப் போட்டுக்கோ." மருமகள் பதறுகிறாள். "வேணாம் மாமா! பழைய இலக்கியத்துல எழுதறவங்களுக்கு என்ன பேரு தெரியுமா? நாவலர். நாக்குல வல்லவங்க. செந்நாப் புலவர்னும் சொல்வாங்க. எங்கயும் நாக்குதான் மாமா, கையப் பத்திப் பேச்சே இல்ல." "காதுல பூ சுத்தாதே." "சத்தியமா." "அண்ணே, அந்த நாக்கு மீதிக் கதையச் சொல்லுமா, இல்ல நான் இப்படியே வீட்டுக்குப் போகட்டுமா?" என்கிறார் நுரைக்காரர். கத்தி மெல்ல மடங்குகிறது. ஊரார் முகத்தையே பார்த்துப் பழகிய கண்ணாடியை நெருங்கி, சலூன்காரர் வாயைத் திறந்து நாக்கை நீட்டுகிறார். சோற்றுக்கும் சண்டைக்கும்தான் அது என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். வெயிலில் அது ஈரமாக, சிவப்பாக மின்னுகிறது. வாயை மூட அவருக்கு மனம் வரவில்லை.