அரக்கு இல்லாத பார்சல்

“சார், போன வாரம் குடுத்த பார்சல் இன்னும் இங்கயே கெடக்குது!”

வீராயி கம்பிக்கு வெளியே நின்று விரலை நீட்டினாள். அரியலூர் தபால் ஆபீஸில், குமாஸ்தா குருநாதனின் நாற்காலிக்கு அடியில் அது இருந்தது. பழைய வேட்டித் துணியில் அவளே வைத்துத் தைத்த பொட்டலம். பட்டாளத்தில் இருக்கும் மகன் சின்னதுரைக்குப் பொருவிளங்கா உருண்டை.

குருநாதன் தலை நிமிரவில்லை. “அரக்கு தீர்ந்துபோச்சு. சீல் வைக்காம அனுப்ப முடியாது.”

“வெச்சுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே சார். தீபாவளிக்குள்ள போய்ச் சேரணும். எம்புள்ள வூட்டுல தீபாவளி பாத்தே பல வருசமாச்சு. இதாவது அவன் வாயில படட்டும்னு...”

“ஏம்மா, நான் என்ன அதைத் தின்னுட்டேனா?”

வரிசையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். வீராயிக்குப் பின்னால் மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அதற்கும் பின்னால் மளிகைக்கடை இராமலிங்கம், டீக்கடையில் தின்ற வடையின் எண்ணெயைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொறுக்கவில்லை.

“என்ன சார் அநியாயம் இது? ஒரு வாரமா காலுக்கடியில போட்டு வெச்சிருக்கீங்க. பாருங்க, எறும்பு ஏறுது!”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“எறும்பையா?”

வரிசை சிரித்தது. இராமலிங்கத்துக்குச் சுருதி ஏறியது. “காலனிக்காரின்னுதானே இந்த இளக்காரம்? பெரிய வூட்டுப் பார்சலா இருந்தா அன்னைக்கே திருச்சி தாண்டியிருக்கும்!”

வீராயி தலை குனிந்துகொண்டாள்.

குருநாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“வீராயி, நீ ஒண்ணு செய். ரயில்வே ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ்ல அரக்கு இருக்கும். நான் கேட்டேன்னு சொல்லி ஒரு துண்டு வாங்கிட்டு வா.”

“நானா சார்?”

“நீதான். வேகமா போ. வண்டி வந்துட்டா அவங்க எங்க கண்டுக்குவாங்க?”

கீழப்பழுவூரிலிருந்து பஸ்ஸில் வந்தவள், மறுபேச்சில்லாமல் வெயிலில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

“ஆபீஸ் வேலைக்கு அந்தப் பொம்பளையை வெரட்டுறீங்களா?” இராமலிங்கம் மேஜையைத் தட்டினார். “நீங்கள்லாம் மனுசன்தானா? ஒரு வெள்ளைத்தாள் குடுங்க. மேலிடத்துக்கு எழுதிப் போடறேன்.”

குருநாதன் தாளை எடுத்து நீட்டினார். “பேனா இருக்கா?”

இராமலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். எழுத எழுதக் கோபம் கூடி, தாளின் மறுபக்கத்துக்கும் போய்விட்டார்.

தூரத்தில் ரயில் ஊதியது. குருநாதன் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தபால்தலை கேட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

வெகு நேரம் கழித்து வீராயி வந்தாள். கையில் அரக்கு இல்லை. பட்டாளத்துக்காரன் ஒருவனின் முழங்கையை, விட்டால் ஓடிவிடுவான் என்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் தலையில் இரும்புப் பெட்டி.

“சார்! எம்புள்ள சார்! அரக்கு கேக்கப் போனா... வண்டியிலேருந்து எறங்குறான் சார்!”

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

சின்னதுரை பெட்டியை இறக்கி வைத்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். “நான் சொன்னபடியே அம்மாகிட்ட சொல்லாம இருந்துட்டீங்க சார்.”

“டேய், ஒரு வாரமா உன்னால ஊர் வாயில விழுந்து கெடக்கேன்டா!”

இராமலிங்கத்தின் பேனா நின்றது. “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“இந்த ஆபீஸுக்குத்தான் டிரங்க் கால் போட்டான். போன வருசமும் இப்படித்தான் வர்றேன்னான். நான்தான் வாய் நிக்காம இவகிட்ட சொல்லித் தொலைச்சேன். கடைசியில லீவு ரத்து. தீபாவளி அன்னைக்கு ஒவ்வொரு வண்டியா பாத்துக்கிட்டு இவ பிளாட்பாரத்துலயே கெடந்தா.” குருநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தத் தடவையும் அவன் வரலைன்னா, ஒண்ணும் தெரியாம அரக்கோட திரும்பியிருப்பா. நானும் சீல் வெச்சு அனுப்பியிருப்பேன்.”

பெஞ்சில் இருந்த தாள் நான்காக மடிந்து இராமலிங்கத்தின் சட்டைப்பைக்குள் போனது.

குருநாதன் பொட்டலத்தை எடுத்து வெளியே நீட்டினார். சின்னதுரை எறும்பைத் தட்டிவிட்டுத் தையலைப் பல்லால் பிரித்தான். வீராயி கம்பி வழியாக ஓர் உருண்டையை நீட்டினாள். குருநாதன் அதைக் கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மாடி! அரக்கே வேணாம்டா. இதையே ஒடைச்சு சீல் வெச்சிருக்கலாம்!”

வீராயி இன்னோர் உருண்டையுடன் திரும்பினாள். “மொதலாளி, எனக்காக எம்புட்டுப் பேசுனீங்க! ஒண்ணு எடுத்துக்குங்க. உங்க கடை வெல்லந்தான்.”

இராமலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இல்லம்மா... இன்னைக்கு விரதம்.”

குருநாதன் அவர் மீசையில் மினுங்கிய எண்ணெயைப் பார்த்தார். வீராயியின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மெல்ல மடங்கியது. சின்னதுரை குனிந்து பொட்டலத்தைக் கட்ட ஆரம்பித்தான்.

இராமலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில் நின்றார். பையிலிருந்த தாளை எடுத்து, தான் எழுதியதை ஒரு முறை படித்தார். ‘காலனிக்காரி என்ற இளக்காரம்’ என்ற வரியில் கண் நின்றது. திரும்பிப் படியேறி வந்தார்.

“கட்டாதே தம்பி,” என்று வலது கையை நீட்டினார். “விரதம்னு சொன்னது பொய்.”