செடி மறைவு

பூங்கொடி வாயைத் திறக்கவில்லை.

காவேரி சோப்புக் குமிழி ஊதினாள். கண்ணாடி காட்டினாள். கோழி மாதிரி கொக்கரித்தாள், ஆடு மாதிரி கத்தினாள். நாலு வயசுப் பிள்ளை கன்னத்தில் கை வைத்து, கூத்துப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

பேச்சுப் பயிற்சி படிக்கிற காவேரிக்கு இந்த எஸ்டேட் பால்வாடியில் இது கடைசி நாள். மார்க்குப் போட சேலத்திலிருந்து ஜீப்பில் வந்த மேடம் மூலையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை ஒரு சத்தமாவது விட வேண்டும். இல்லையென்றால் காவேரி அடுத்த வருஷமும் இதே மலையேற வேண்டியதுதான்.

பிள்ளைக்குக் காதில் குறையில்லை, நாக்கில் குறையில்லை. பேசுமா என்று முதல் நாள் கேட்டதற்குப் பேசாதுங்க என்று ஒரே போடாகப் போட்டிருந்தாள் அம்மா சென்னம்மாள். காப்பிப் பழம் பறிக்கிறவள். குளிருக்கு ஆகும் என்று காலையிலிருந்து காவேரிக்கு வரக்காப்பியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றால் விடுகிற ஆளில்லை.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

காவேரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு நிமிஷம் என்று எழுந்தவள், வாசலைத் தாண்டி ஆளுயரக் காப்பிச் செடிகளுக்குள் விறுவிறுவென்று போய் மறைந்தாள்.

அழப் போகிறாள் என்றுதான் மேடம் நினைத்தார்.

செடி அசைவது நின்றது.

"ஏ... காவேஈ..."

பூங்கொடி வாசப்படியில் நின்று, வாயைச் சுற்றிக் கை குவித்துக் கூவியது. எதிர்மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

காவேரியால் உடனே எழுந்து ஓடிவர முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஓய் என்று பதில் கொடுத்தாள். மறுபடி கூவல். மறுபடி ஓய். அக்கா கிக்கா ஒன்றும் கிடையாது, மொட்டைப் பேர்தான்.

அவள் வெளியே வந்தபோது மேடத்துக்கு முகமெல்லாம் பல். இதில் என்ன அதிசயம் என்று சென்னம்மாளுக்குத்தான் விளங்கவில்லை. காட்டெருமை நடமாடுகிற இடம். கூட வந்த ஆள் செடிக்குள் மறைந்தால் பேர் சொல்லிக் கூவ வேண்டும். பதில் வந்த பிறகுதான் அடுத்த செடியில் கை வைப்பார்கள். முதுகில் கட்டிச் சுமந்த நாள் முதல் பிள்ளை கேட்டு வளர்ந்தது அதைத்தான். ஒருத்தர் கண் மறைந்தால் போதும், அதுவும் கூவும்.

அப்புறம் ஏன் பேசாது என்றாய் என்று காவேரி கேட்டாள்.

"கூவறதெல்லாம் பேச்சுல சேத்திங்களா? மூஞ்சிய எதுக்க வெச்சுக்கிட்டு எதுக்குங்க கூவோணும்?"

மேடம் காவேரியின் முதுகில் தட்டினார். மறைந்து நின்றால் பிள்ளை கூப்பிடும் என்று எப்படித் தோன்றியது, திங்கட்கிழமை வகுப்பில் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்றார்.

காவேரி சுடிதாரில் ஒட்டியிருந்த நாயுருவியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே தலையாட்டினாள். அந்தப் பால்வாடிக்குக் கக்கூஸ் கிடையாது என்பதை மேடத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சென்னம்மாள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே தூக்குப்போசியைத் திறந்தாள்.

"இன்னொரு டம்ளர் ஊத்தட்டுங்களா, சாமி?"