இரண்டாவது ஃபோகஸ்

“சந்தோஷத்துல நம்ம பொண்ணு அழுதே விடுவா, பாருங்க. அந்தக் கண்ணீரைக் கோட்டை விட்டுடாதீங்க,” என்றாள் மனைவி.

பஸ் டிரைவர் தலையாட்டினார். கியரும் ஸ்டியரிங்கும் பழகிய கைக்கு, நேற்று வந்திறங்கிய வீடியோ கேமரா வசப்படவில்லை. எந்தப் பொத்தானைத் தொட்டாலும் வேறு ஏதோ திறந்துகொண்டது.

கூடத்து மூலையில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு நாய்க்குட்டி சுருண்டு தூங்கியது. நாய்க்குட்டி வேண்டும் என்று எட்டு வயது மகள் நச்சரிக்காத நாளில்லை. ‘நாய் உள்ளே வந்தா நான் வெளியே’ என்று சொல்லிவந்த மனைவியே காலையில் அதைத் தூக்கிவந்தபோது அவரால் நம்ப முடியவில்லை. அந்தப் பூரிப்பில்தான் அரை நாள் லீவு போட்டிருந்தார்.

“ஏன் எல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி தெரியுது?” மனைவி கேமராவின் குட்டித் திரையை எட்டிப் பார்த்தாள். வீட்டில் நடப்பதையெல்லாம் எடுத்துப் போடும் யூடியூப் சேனல் அவளுடையது. இத்தனை நாளும் ஃபோனிலேயே ஓட்டிவிட்டாள்.

“நீதான் சொல்லேன்.”

“வெள்ளைப் பேப்பரைக் காட்டி, இதுதான் வெள்ளைன்னு அதுக்குப் புரியவைக்கணும். ஒயிட் பேலன்ஸ்.”

பேப்பரைக் காட்டியதும் சுவருக்கு உயிர் வந்தது. அடுத்து மைக்கின் ஒலி அளவைக் குறைத்தார். ஆட்டோ ஃபோகஸ் பெட்டியை விட்டுவிட்டுத் திரைச்சீலையின் பூவையே பிடித்துக்கொண்டு அடம்பிடித்தது. அதை அணைத்துவிட்டு, லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்தார்.

“வாசக்கதவுக்கும் ஒரு ஃபோகஸ் பார்த்து வளையத்துல கோடு போட்டு வைங்க. அந்தப் பக்கம் திருப்பினா முகம் பளிச்சுன்னு விழணும்.”

“பெட்டி இங்கேல்ல இருக்கு?”

“அவ உள்ளே வர்றதை எடுக்க வேண்டாமா?”

அதுவும் சரிதான் என்று பட்டது. பேனாவால் கோடு போட்டார்.

மகள் வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. புத்தகப்பை தோளிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் மண்டியிட்டாள்.

“எனக்கா?” என்றாள், குட்டியின் தூக்கம் கலைந்துவிடுமோ என்பதுபோல. கன்னத்தில் பொலபொலவென்று கண்ணீர்.

டிரைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். “ஐயையோ... பதட்டத்துல ரெக்கார்டு பொத்தானை ரெண்டு தடவை அமுக்கிட்டேன் போல. ஒண்ணும் பதிவாகலை.”

“உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!” மனைவி மகள் பக்கம் திரும்பினாள். “கண்ணு, பையை மாட்டிக்கிட்டு வெளியே போய் மறுபடி வா. இப்பதான் முதல்ல பார்க்கிற மாதிரி.”

மகள் மறுபடி வந்தாள். “ஐ, நாய்க்குட்டி!” என்று கூவினாள். கண்ணீர் மட்டும் வரவில்லை. இன்னொரு தடவை வரச்சொன்னார்கள், அப்போதும் வரவில்லை. அவளுக்குச் சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் குட்டிக்காக நூறு தடவை வேண்டுமானாலும் உள்ளே வந்திருப்பாள்.

“சரி, இது போதும்,” என்றாள் மனைவி. டிரைவருக்கு ஆச்சரியம். இவ்வளவு சுலபமாக விடுகிறவள் இல்லையே அவள்.

“அம்மா, இதுக்கு நான் பேரு வைக்கட்டுமா?”

“பேரெல்லாம் இப்ப வேண்டாம்,” என்ற மனைவி ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“என் பழைய ஸ்வெட்டரை இது படுக்கிறதுக்கு விரிக்கட்டுமா, அப்பா?”

“விரிடா செல்லம். பாவம், குளிரும்ல.”

டிரைவர் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றப் போனார். “கழட்டாதீங்க. கதவுப் பக்கம் திருப்பி ஓட விடுங்க,” என்றாள் மனைவி. ஏன் என்று கேட்பதற்குள் அழைப்புமணி அடித்தது. அவர் கை தானாகவே வளையத்தைக் கோட்டுக்குக் கொண்டுபோனது.

“நீயே போய்த் திற, கண்ணு. குட்டியைத் தூக்கிக்கிட்டே போ.”

வாசலில், கம்பிக்கூண்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் நின்றார். நாய்க்குட்டிகள் விற்கிற கடைக்காரர்.

“ஷூட்டிங் முடிஞ்சுதா, பாப்பா? குட்டியைக் குடு. வேற ஒருத்தங்க வாங்க வர்றாங்க.”

மகளுக்குப் புரியவில்லை. குட்டியை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். கடைக்காரர் அதன் கழுத்தடியில் கைவைத்து மெல்ல உருவியெடுத்தார். அவள் திரும்பி அப்பாவைத் தேடினாள்.

“அப்பா...?”

திரை முழுக்க அவள் முகம். இமையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. உதடு கோணத் தொடங்கியது. டிரைவரின் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். காதோரம் குனிந்தாள்.

“நிறுத்தாதீங்க. இனிமேதான் வீடியோவே.”