கிளீன் குஞ்சம்மா

குஞ்சம்மாவை ஏற்றிய வண்டி தாமான் குடியிருப்பின் முனையைக்கூடத் திரும்பவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு அன்னம்மா வாளியும் விளக்குமாறுமாக உள்ளே போய்விட்டாள்.

அதில் தப்பில்லை. பிணம் போனதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். ஆண்கள் மின்சுடலையிலிருந்து திரும்புவதற்குள் தரை காய்ந்திருக்க வேண்டும். ஆனால் கூடத்தை விட்டுவிட்டு, முதல் வேலையாகச் செத்தவளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்?

மருமகள் உஷாராணிக்குத் தோன்றிவிட்டது.

"பாத்தீங்களா சின்னத்தை? கதவைச் சாத்திட்டு என்ன பண்றாங்க?" என்றாள், குஞ்சம்மாவின் தங்கை பவானேஸ்வரியிடம்.

"கழுவுறாம்மா. அக்காவுக்கு எல்லாம் கிளீனா இருக்கணும்ல" என்று மூக்கைச் சிந்தினாள் பவானேஸ்வரி.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோது குஞ்சம்மா கற்றுக்கொண்ட ஒரே இங்கிலீஷ் வார்த்தை அதுதான். அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டாள். துடைத்த தரையும் கிளீன், குடிக்காத மாப்பிள்ளையும் கிளீன். தட்டில் சோறு மிச்சம் வைக்காவிட்டால் கிளீன். மழை விட்ட வானத்தைப் பார்த்தும் "கிளீனா இருக்கு" என்பாள். சிம்பாங் அம்பாட் ஊரில் அவளுக்குப் பேரே கிளீன் குஞ்சம்மா.

"அத்தை சொன்ன கிளீன் வேற, இவங்க பண்ற கிளீன் வேற லா" என்றாள் உஷாராணி. "அலமாரியே கிளீனாயிரும், பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை. அன்னம்மா ஒரு பெரிய கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தாள்.

உஷாராணி ஓடிப்போய் மறித்தாள்.

"அன்னம்மாக்கா, பையில என்ன?"

"குப்பைம்மா."

"குப்பைன்னா முன்னால குப்பைத் தோங் இருக்கே. பின்வாசல்ல எதுக்கு?"

அன்னம்மா பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள்.

"திறங்க, பாப்போம்."

"வேணாம்மா. கேக்காத."

"நாங்க ஜோகூர்லேர்ந்து மாசத்துக்கு ஒரு தடவைதான் வர்றோம். இங்க நடக்கிறது எதுவும் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

வந்திருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கல்யாண வீடுகளில் சமைத்துப் பிழைக்கிறவள் அன்னம்மா. கை சுத்தமில்லை என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், அப்புறம் எந்த வீட்டிலும் அடுப்படிக்குள் விடமாட்டார்கள். பையை ஒரு தரம் திறந்து காட்டினால் தீர்ந்தது. அவளோ முடிச்சை இன்னும் இறுக்கிப் போட்டாள்.

"சரி, அவரு வரட்டும்" என்றாள் உஷாராணி. "அதுவரைக்கும் பை இங்கேயே இருக்கட்டும்."

பின்பக்கக் குழாயடியில் பையை வைத்துவிட்டு அன்னம்மாவும் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். வீட்டை மற்றப் பெண்கள் கழுவினார்கள். அவளிடம் ஒருத்தியும் பேசவில்லை.

மூன்று மணிக்குக் குஞ்சம்மாவின் மகன் யுகேந்திரன் வந்தான். அம்மாவுக்குக் கொள்ளி வைத்த கையோடு குளிக்க நேராகக் குழாயடிக்குத்தான் வந்தான். உஷாராணி சமையலறை வாசலில் நின்று, நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"தம்பி" என்றாள் அன்னம்மா, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்கப்பா. திறக்காத."

யுகேந்திரன் வாசலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து முடிச்சை அவிழ்த்தான்.

பெரியவர்களுக்கான பெம்பர்ஸ், பாதிக்கட்டு. மஞ்சளாய்க் கறை ஏறிய ரப்பர் விரிப்பு. அடியில், அலச நேரமில்லாமல் சுருட்டி வைத்த இரண்டு கைலி.

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மாதா மாதம் அவன் வரும்போதெல்லாம் அம்மா துவைத்த புடவையில், பவுடர் பூசிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். வீடு டெட்டால் மணக்கும். "எனக்கென்னப்பா, கிளீனா இருக்கேன்" என்பாள். அவனும் நம்பிவிட்டு, சாயங்காலமே காரை எடுத்துவிடுவான்.

"எத்தனை நாளா அக்கா?"

"ரெண்டு வருசம். நீ வர்றேன்னு போன் பண்ணினா விடியக்காலைலயே என்னைக் கூப்பிட்டுருவாங்க. உனக்குத் தெரிஞ்சா முகத்துல முழிக்க முடியாதும்பாங்க. செத்தாலும் யார் கண்ணுலயும் பட்டுறக் கூடாதுன்னாங்க."

"உங்களைத் திருடின்னு சொல்லியிருக்காங்க. அப்பவாவது காட்டியிருக்கலாமே."

"காட்டியிருந்தா அவங்க பேரு என்னாகிறது? எம்பேரு இன்னைக்குப் போனா நாளைக்கு வந்துட்டுப் போகுது."

அவனுக்கு அழுகை வந்தது. சுடலையில்கூட வராத அழுகை.

"என்னங்க, உள்ள என்ன இருக்கு?" சமையலறையிலிருந்து உஷாராணியின் குரல். அவளுக்குப் பின்னால் பெண்கள் கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

யுகேந்திரன் பையை அழுத்திக் கட்டினான். அன்னம்மா வாங்கக் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. குளிக்காமலே, கொள்ளி வைத்த வேட்டியோடு தானே தோளில் தூக்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"குப்பைதான். அக்கா பொய் சொல்லல. நான் தூக்கியிருக்க வேண்டிய குப்பை."