கேக் மாஸ்டர் வேனுக்கு இன்சூரன்ஸ்

“மாமா, உள்ளே போய் திராட்சைன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. குடிச்சேன், கெட்டேன், திருந்திட்டேன். அவ்வளவுதான் கதை,” என்று இன்சூரன்ஸ் ஆபீஸ் வாசலில் மச்சினன் பாடம் நடத்தினான்.

கேக் மாஸ்டர் தலையாட்டினார். உண்மையைச் சொல்லிச் சொல்லியே அவர் வாய் தேய்ந்து போயிருந்தது.

குடி என்பது அவருக்கு ஆகவே ஆகாது. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் ரகம். ஆனால் ரம்மில் ஊறிய திராட்சையை ருசி பார்க்காமல் மாவில் சேர்ப்பது அவர் தொழிலில் மகா பாவம். அன்றைக்குப் பார்த்து எல்லா ஜாடிகளையும் திறந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. சந்தேகம் வந்த ஜாடியில் இன்னொரு கரண்டி. எல்லா ஜாடியிலும் சந்தேகம் வந்தது.

அப்புறம் டெலிவரிக்கு வேனை எடுத்தார். வழியில் போலீஸ்காரர் மடக்கி ஊதச் சொன்னார். இவர் ஊதிய ஊதலில் கருவிக்கே கிறுகிறுத்துவிட்டது. வழியில் ருசி பார்க்க வேனில் வைத்திருந்த ஒரு ஜாடியையும் போலீஸ்காரர் சாட்சிக்கு எடுத்துக்கொண்டார்.

கோர்ட்டில் அபராதம், லைசென்ஸ் முடக்கம். லைசென்ஸ் ஒருவழியாகத் திரும்பி வந்தது, இன்சூரன்ஸ்தான் வரவில்லை. திராட்சைக் கதையைக் கேட்டு ஒரு கம்பெனியில் மேனேஜர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்து சிரித்தார். இன்னொரு கம்பெனியில் பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். பாலிசி மட்டும் எவரும் தரவில்லை.

வேன் ஓடாமல் கடை ஓடாது. ஆட்டோவில் அனுப்பிய மூன்றடுக்கு கேக், போய்ச் சேர்ந்தபோது ஒரே அடுக்காக அகலமாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் கேக் வேனில் வரவில்லையென்றால் வேறு பேக்கரி பார்த்துக்கொள்வதாக ஹோட்டல்காரர் சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். ஊரில் மிச்சம் இருந்தது இந்த ஒரு கம்பெனிதான்.

உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு அவருக்கே ருசி கண்டுவிட்டது. காலையில் பல் தேய்ப்பதே பிராந்தியில்தான் என்றார். வீட்டில் இருந்த பாத்திரத்தை எல்லாம் விற்றுக் குடித்து, கடைசியில் தட்டுகூட இல்லாமல் பெண்டாட்டி சட்டி மூடியில் சாப்பிட்டாள் என்றார். பாடம் சொல்லிக் கொடுத்த மச்சினனே அக்காவை நினைத்துக் கண் கலங்கிவிட்டான்.

அந்த அம்மாள் டைப் அடிப்பதை நிறுத்தினார்.

“பொய் சொல்றவங்களுக்கு நாங்க பாலிசி போடறதில்லை சார்.”

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தான்.

“இன்னொரு வாய்ப்பு தரேன். அன்னைக்கு என்ன குடிச்சீங்க?”

போகிற உயிர் உண்மையோடு போகட்டும் என்று மாஸ்டர் முடிவு செய்தார்.

“குடிக்கலை மேடம். தின்னேன். திராட்சை.”

சொல்லிவிட்டு, சிரிப்புக்காகக் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாள் மறுபடியும் டைப் அடித்தார். தின்றாலும் தப்பு தப்புதான் என்றார். பிரீமியம் கொஞ்சம் கூடத்தான் வரும், ஜாடி திறக்கிற நாளில் வண்டிச் சாவி வீட்டம்மா இடுப்பில் இருக்க வேண்டும் என்றார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிரிண்டரிலிருந்து பாலிசி சுடச்சுட வந்து விழுந்தது. இத்தனை மாதமாக நெஞ்சில் மாட்டியிருந்த மூச்சை அவர் விட்ட வேகத்தில் மேஜை மேலிருந்த காகிதமெல்லாம் பறந்தது.

மச்சினன் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “எல்லாரும் சிரிச்சாங்க மேடம். நீங்க மட்டும் எப்படி நம்பினீங்க?”

அந்த அம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்களைப் பிடிச்ச போலீஸ்காரர் எங்க வீட்டுக்காரர்தான். சாட்சிக்கு எடுத்த உங்க ஜாடியில அப்படி என்னதான் இருக்குன்னு ஒரே ஒரு கரண்டி தின்னு பார்த்தாராம். அன்னைக்கு ராத்திரி பூரா, தலையிலயே இருந்த தொப்பியைக் காணோம்னு என்னையும் சேர்த்து வீடெல்லாம் தேட வெச்சுட்டார்.”