மழையில நிக்காதீங்க

'டக்... டக்... டக்...'

அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டிய ஒரு துண்டுப் படச்சுருள் மெஷினில் சுற்றிச் சுற்றி வரும். ஒட்டுப்போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ஒரு 'டக்'. ஒரே காட்சி திரும்பத் திரும்பத் திரையில் ஓடும். வாயசைப்பைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். அப்போது டப்பிங் அப்படித்தான்.

வேற்று மொழிப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் வேலை.

அன்று கடைசிக் காட்சி. பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிப்போன கதாநாயகன், பல வருஷம் கழித்து, கொட்டுகிற மழையில் வாசலில் வந்து நிற்கிறான். கதவைத் திறந்தவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "மழையில நிக்காதீங்க. உள்ள வாங்க" என்கிறாள். அவன் மூச்சுவிடாமல் அழுது பேசுகிறான். சுபம்.

"எந்த உலகத்துல நடக்கும் இது?" என்றார் சவுண்ட் இன்ஜினியர். "பால் வாங்கிட்டு வர லேட்டானாலே எங்க வீட்டுல கதவு திறக்காது."

சிரிக்க வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கதாநாயகனுக்குப் பேச வந்தவரும் கதாநாயகிக்குப் பேச வந்த அக்காவும் ஒரு காலத்தில் புருஷன் பெண்டாட்டி. கைக்குழந்தையோடு அக்காவை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனவர் அவர். மழையிலும் வரவில்லை, வெயிலிலும் வரவில்லை.

வேலை என்று வந்தால் இருவருக்கும் ஒரே மைக். தோளோடு தோள் நின்றாக வேண்டும்.

தயாரிப்பாளர் அன்று நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணே, போன படத்துல அழுகைச் சீன் முழுக்க உங்க இருமல்தான். இன்னைக்கும் அப்படின்னா நான் வேற குரல் பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

"சும்மா ஜலதோஷம் சார். இப்ப சரியாயிடுச்சு" என்றார் அவர். சட்டைக் காலர் கழுத்தெலும்பில் தொங்கியது. இந்த ஒரு தொழிலைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது.

விளக்கை அணைத்தார்கள். திரையில் மழை. முதல் வசனம் அக்காவுடையது.

"வெயில்ல நிக்காதீங்க..."

"கட்! அம்மா, மழைம்மா அது!" என்றார் தயாரிப்பாளர்.

எல்லோரும் சிரித்தோம். ஒலிநாடாவைப் பின்னால் சுற்றி மறுபடி தயார் செய்ய நேரம் பிடிக்கும். அதுவரை அக்காவின் பக்கத்தில் நின்றவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த டேக். "மழையில நிக்காதீங்க. வெளிய வாங்க."

"கட்! வெளியதான்மா நிக்கறான் அந்த ஆளு!"

மறுபடியும் சுற்றல். மறுபடியும் ஸ்டூல்.

அதற்கடுத்த டேக்கில் "மழையில..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டாள். பக்கம் பக்கமாகப் பேசினாலும் ஒரு எழுத்துப் பிசகாதவள் அக்கா. நாலு வார்த்தைக்கா நாக்குப் புரளும்?

"வேணும்னேதான்" என்று இன்ஜினியர் என் காதில் முணுமுணுத்தார். "நிக்க வச்சே ஆளை இளைக்க வைக்கறா. அந்தாளு இரும ஆரம்பிச்சா வேலை காலி. பழைய கணக்கைத் தீத்துக்கறா."

எனக்கும் அப்படித்தான் பட்டது.

"என்னம்மா இது, விளையாட்டா?" தயாரிப்பாளர் கத்தினார். "எழுத்துக் கூட்டிப் படிக்கற பிள்ளைகூட இதைப் பேசிடும்! ஃபிலிமும் நேரமும் உங்க அப்பன் வீட்டுதா?"

"மன்னிச்சுக்கங்க சார். வாய் குளறுது." அக்கா குனிந்த தலை நிமிரவில்லை.

இன்னும் ஒரு டேக் கெட்டது. அதற்குப் பிறகு வந்ததில், அக்கா கண்ணை மூடி ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு, "மழையில நிக்காதீங்க. உள்ள வாங்க."

நான் எழுதியதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்படி ஒரு குரல். அதைத் தொடர்ந்து அவர், அந்த நீள வசனத்தை ஒரே மூச்சில், ஒரு கமறல் இல்லாமல் பேசி முடித்தார்.

"ஓகே! பிரமாதம் அண்ணே!" தயாரிப்பாளர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "குரல்னா இது குரல்!"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்குக் கேட்கும்படியே சொன்னார்: "எல்லாம் எம்மேல இருக்கற வன்மம் சார். அடுத்த படத்துல இவகூட என்னை நிக்க வைக்காதீங்க."

அக்கா மூலையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. போய்க் கேட்டேவிட்டேன்.

"அக்கா, உங்க கோபம் நியாயம்தான். அதுக்காக வேலையிலயா காட்டுறது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பக்கத்துல நின்னா கேக்கும்மா. அவருக்கு நெஞ்சுல விசில் அடிக்கும். அந்த நேரத்துல பேச ஆரம்பிச்சா பாதியில கண்டிப்பா இருமல் வந்துடும். கூடப் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதா? அவர் இருமினா அவரை மாத்திடுவாங்க. நான் உளறினா திட்டுவாங்க. அவ்வளவுதானே? கொஞ்சம் உக்காந்து எழுந்தா அவருக்கு அடங்கிடும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"அவர்கிட்ட சொல்லட்டுமாக்கா?"

"ஐயோ, வேண்டாம். அதைக் கேட்டா அதுக்கும் மூச்சு வாங்கும்." சிரித்துக்கொண்டே தம்ளரைக் கவிழ்த்தாள்.

படம் நன்றாக ஓடியது. மழைக் காட்சியில் தியேட்டரே அழுதது.

அடுத்த படத்திலும் கதாநாயகனுக்கு அவர்தான் பேசினார். கதாநாயகிக்கு வேறொரு பெண்ணைக் கூப்பிட்டார்கள்.